மூன்றரை மணி நேரத்தில் கலையும் தூக்கம்: நைட் ஷிப்ட், குவார்ட்டர், டென்ஷன்

நீங்கள் எழுதியதன் சுருக்கம் இது. வயது 34. பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் மாலை 6.30 முதல் அதிகாலை 3.30 வரை ஷிப்ட். பொம்மனஹள்ளியில் மனைவி, மூன்று வயதுக் குழந்தையோடு வாடகை வீடு. கேப் 4.15-க்கு இறக்கிவிடுகிறது. தூக்கம் வரவேண்டும் என்பதற்காக ஒரு குவார்ட்டர் விஸ்கி, 5.30-க்குப் படுக்கை. 9 மணிக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து விழிப்பு. அதன்பிறகு தூக்கம் இல்லை. மதியம் அரைத்தூக்கம். ஷிப்டில் ஐந்தாறு காபி, நாள் முழுக்கப் பத்துப் பன்னிரண்டு சிகரெட். ஆபீஸ் முகாமில் பார்த்தபோது ரத்த அழுத்தம் 148/94. குடிக்காத ஞாயிற்றுக்கிழமைகளில் கை லேசாக நடுங்குகிறது, தூக்கமும் வருவதில்லை. அன்று மட்டும் நண்பர் தந்த, பதற்றம் தணிக்கும் அல்பிரசோலம் 0.5 மாத்திரை. "தூக்கமா, குடியா, டென்ஷனா, எது மூலம்? நாளையிலிருந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். மருத்துவரைப் பார்க்காமல் குடியை ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே முக்கியமான வரி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கை நடுக்கம்தான். உடம்பு சாராயத்துக்கு (எந்த மதுவிலும் இருக்கும் ஆல்கஹாலுக்கு) பழகி, அது வராதபோது எதிர்ப்பைக் காட்டத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தும்போது 6 முதல் 24 மணி நேரத்துக்குள் நடுக்கம், வியர்வை, குமட்டல் தொடங்கலாம். 12 முதல் 48 மணி நேரத்துக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்கு இடம், நேரம் தெரியாத குழப்பமும் இல்லாததைக் காணும் நிலையும் வரும்; மருத்துவமனையில் இல்லாவிட்டால் அது உயிருக்கே ஆபத்து. உங்கள் அளவுக்கு இவ்வளவு மோசமாகாமல் போகவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் வீட்டில் தனியாகச் சோதித்துப் பார்க்கும் விஷயம் இல்லை இது. மருத்துவரைப் பார்க்கும் நாள்வரை இப்போதைய அளவைக் கூட்டாமல் இருங்கள், அதோடு சந்திப்பை இந்த வாரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அளவு. குவார்ட்டர் என்றால் 180 மில்லி. நம் ஊர் விஸ்கியில் 42.8 சதவீதம் சாராயம். கணக்குப் போட்டால் சுத்தமான சாராயம் ஏறக்குறைய 60 கிராம். பல நாடுகளில் 10 கிராமை ஒரு யூனிட் என்று எண்ணுவார்கள். 30 மில்லி ஸ்மால் ஒன்று ஒரு யூனிட். ஆகவே நீங்கள் தினமும் எடுப்பது ஆறு யூனிட். "நான் பீர்தான், விஸ்கி இல்லை" என்று பலர் ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 8 சதவீதம் இருந்தால் அதுவே நாலு யூனிட். பாட்டில் எதுவானாலும் கிராமில் எண்ணுங்கள்.

ஈரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்வரைதான் எரிக்கும். மோர், எலுமிச்சை, குளிர்ந்த நீரில் குளியல், காபி எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. 70 கிலோ எடையுள்ளவர் 5.15-க்குள் 60 கிராம் குடித்து முடித்தால், 9 மணிக்கு எழும்போதும் ரத்தத்தில் 100 மில்லிக்கு 60 மில்லிகிராம் அளவில் மிச்சம் இருக்கலாம். வண்டி ஓட்டுவதற்குச் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 30. குழந்தையை ஸ்கூட்டரில் ப்ளே ஸ்கூலுக்குக் கொண்டுபோய் விடுபவர் நீங்கள் என்றால், தூங்கி எழுந்தாகிவிட்டது என்பதால் தெளிந்துவிட்டது என்று ஆகாது. அந்த வேலையை இன்றே மனைவியிடமோ வேன்காரரிடமோ கொடுத்துவிடுங்கள்.

இப்போது முதல் கேள்வி. ஏன் தினமும் சரியாக ஒன்பதை ஒட்டியே விழிப்பு வருகிறது?

தூக்கத்தை இரண்டு கைகள் இழுக்கின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் முழுக்க மூளையில் சேரும் அடினோசின் என்ற பொருள். அது சேரச் சேரக் கண் சொக்கும். தூங்கத் தூங்கக் கரையும். மற்றொன்று மூளைக்குள் இருக்கும் நாள் கடிகாரம். கண்ணில் படும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்கிறது. விடிந்தால் உடல் சூட்டையும் கார்ட்டிசால் சுரப்பையும் ஏற்றி எழுப்புகிறது. இந்தக் கடிகாரத்தின் உள்ளே ஜீன்கள் எப்படிச் சுழல்கின்றன என்று கண்டறிந்ததற்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இரவில் தூங்குபவருக்கு இரண்டு கையும் ஒரே பக்கம் இழுக்கும். உங்களுக்கு எதிரெதிர்ப் பக்கம்.

5.30-க்குப் படுக்கும்போது அடினோசின் நிறைய இருப்பதால் உடனே தூக்கம் வந்துவிடுகிறது. விஸ்கிதான் தூங்கவைத்தது என்று உங்களுக்குத் தோன்றும். அதில் அடினோசினுக்கும் பெரிய பங்கு உண்டு. மூன்றரை மணி நேர ஆழ்துயிலில் அந்த அழுத்தம் பெருமளவு கரைந்துவிடுகிறது. அதே நேரம் வெளியே வெயில் ஏறி, கடிகாரம் எழுப்பும் மணியை அடிக்கிறது. இவ்விரண்டுக்கும் நடுவில்தான் சாராயம் தன் கணக்கைத் தீர்க்கிறது.

சாராயம் மூளையின் காபா என்ற அமைதிச் சமிக்ஞையைக் கூட்டி, குளூட்டமேட் என்ற கிளர்ச்சிச் சமிக்ஞையைக் குறைக்கிறது. தினமும் இப்படி அமுக்கினால் மூளை சும்மா இருக்காது. கிளர்ச்சியைத் தன் பங்குக்குக் கூட்டி வைத்துக்கொண்டு ஈடுகட்டும். சாராயத்தின் அளவு இறங்கத் தொடங்கியதும் அமுக்கிய கை தளர்கிறது. கூட்டிவைத்த கிளர்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. அந்த வியர்வையும் படபடப்பும் இனம் தெரியாத பயமும் அதிலிருந்து வருபவை. ஆபீஸ் எஸ்கலேஷன் (மேலதிகாரிவரை போன பிரச்சினை) நினைவுக்கு வருவதால் நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று நினைப்பீர்கள். பல நாள் நடப்பது நேர்மாறு: நெஞ்சு முதலில் அடித்துக்கொள்கிறது, மனம் அதற்கு ஒரு காரணத்தைத் தேடி எஸ்கலேஷனில் போய் நிற்கிறது.

இன்னும் சில விஷயங்கள் அதே நேரத்தில் வந்து சேர்கின்றன. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனைச் சாராயம் அடக்குவதால் மூத்திரப்பை நிறைந்திருக்கும், நாக்கு வறண்டிருக்கும். தொண்டைத் தசை தளர்ந்து குறட்டை கூடும். நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், விடியற்காலைச் சிகரெட்டின் பலம் 9 மணிக்குள் போய் அடுத்ததற்கான நச்சரிப்பு தொடங்கியிருக்கும். தூக்கத்தின் பிற்பாதியில்தான் கனவுத் தூக்கம் அதிகம். மனக்காயங்களை ஆற்றுவதிலும் கற்றதை நினைவில் பதிப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. நீங்கள் தினமும் இழப்பது அந்தப் பாதியை. அற்ப விஷயத்துக்கு வீட்டில் எரிந்து விழுவதாக எழுதியிருந்தீர்களே, அதன் வேர்களில் இதுவும் ஒன்று.

காபிக்கு வருவோம். காஃபீன் அடினோசினைக் கரைப்பதில்லை. அது உட்காரவேண்டிய இருக்கையில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதனால் களைப்பு போகாது, களைப்பு தெரியாமல் போகும். ஐந்தாறு மணி நேரம் கழித்தும் பாதி மிச்சம் இருக்கும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு எடுத்த 400 மில்லிகிராம்கூடத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் வெட்டுவதை 2013-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஒரு கப் காபியில் டிகாக்‌ஷனின் கெட்டியைப் பொறுத்து 60 முதல் 100 மில்லிகிராம் இருக்கும். உங்கள் ஆறு கப் ஏறக்குறைய அந்த 400-ஐத் தொடுகிறது. கடைசிக் கப் 2.30 மணிக்கு என்றால் படுக்கைக்கு மூன்றே மணி நேரம்தான் இடைவெளி. அந்த விழிப்பை அமுக்க விஸ்கி, விஸ்கி கெடுத்த தூக்கத்தைச் சமாளிக்க அடுத்த நாள் காபி என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது.

சிகரெட்டுக்கும் காபிக்கும் இடையே பலருக்குத் தெரியாத ஒரு கணக்கு உண்டு. புகையில் இருக்கும் சில பொருள்கள் ஈரலில் காஃபீனை எரிக்கும் நொதியைத் தூண்டிவிடுகின்றன. புகைப்பவர் உடம்பில் காஃபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தீர்ந்துபோகிறது. அதனால்தான் ஆறு கப்பும் தாங்குகிறது. சிகரெட்டை விட்ட வாரத்தில் அதே ஆறு கப்பைக் குடித்தால் ரத்தத்தில் காஃபீன் எகிறும். நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாம் வரும். அதைச் சிகரெட் விட்டதன் கோளாறு என்று நினைத்து மறுபடி பற்றவைத்தவர்கள் ஏராளம். சிகரெட்டை விடும் அன்றே காபியைப் பாதியாக்கிவிடுங்கள்.

டென்ஷன் என்பதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். உண்மையான வேலை அழுத்தம் வந்தால் அட்ரினலின் நொடிகளில் ஏறும். கார்ட்டிசால் இருபது முப்பது நிமிடங்களில் உச்சம் தொடும். பிரச்சினை தீர்ந்தால் இரண்டும் இறங்கும். ஒரு சிகரெட்டிலோ ஒரு பெக்கிலோ சில நிமிடங்களில் அடங்கும் டென்ஷன் பெரும்பாலும் வேறு வகை. முந்தைய சிகரெட் வற்றியதால் வந்த எரிச்சலை அடுத்தது தணிக்கிறது. சிகரெட்டை விட்டவர்களுக்குச் சில வாரங்களில் பதற்றம் முன்பைவிடக் குறைவதற்குக் காரணம் இதுதான். ஆகவே "டென்ஷன் குறைந்ததும் விடுகிறேன்" என்று காத்திருக்க வேண்டாம்.

ஆனால் ஷிப்ட் தரும் சுமை கற்பனை இல்லை. நாள் கடிகாரத்தைக் குலைக்கும் நைட் ஷிப்ட் வேலையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியவற்றில் சேர்த்தது, 2019-ல் மறு ஆய்வு செய்து அதை உறுதியும் செய்தது. 1999-ல் சிகாகோவில் ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தபோது, சர்க்கரையைக் கையாளும் திறன் நீரிழிவின் தொடக்க நிலைக்கு இறங்கியது. 2003-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு இன்னும் கவலை தருவது. தினம் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களின் கவனம் இரண்டு வாரத்தில், ஓரிரு இரவு அறவே தூங்காதவர் அளவுக்குச் சரிந்தது. ஆனால் தங்கள் நிலை அவ்வளவு மோசமாகிவிட்டது என்று அவர்களுக்கே தெரியவில்லை. "எனக்கு அஞ்சு மணி நேரம் போதும், பழகிவிட்டது" என்பவர்கள் பொய் சொல்வதில்லை. குறைவதை உணரும் திறனும் சேர்ந்தே குறைந்திருக்கிறது.

ரத்த அழுத்தம் 148/94 என்பதை ஒரு அளவை வைத்து முடிவுகட்ட வேண்டாம். காபியும் சிகரெட்டும் இல்லாமல் அரை மணி, முதுகு சாய்த்து ஐந்து நிமிடம் உட்கார்ந்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை என மூன்று நாட்கள் எழுதி வையுங்கள். சாராயம் தானே அழுத்தத்தை ஏற்றும். விட்ட சில வாரங்களில் கணிசமாக இறங்குவது வழக்கம். ரத்தப் பரிசோதனைக்குப் போனால் சர்க்கரையோடு மூன்று மாதச் சராசரியான எச்.பி.ஏ.1சி, ஈரல் பரிசோதனையில் ஜி.ஜி.டி., முழு ரத்த எண்ணிக்கை, தைராய்டு, கொழுப்பு இவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். ஜி.ஜி.டி. உயர்ந்து, சிவப்பணுவின் அளவும் பெரிதாகியிருந்தால், நீங்கள் வாயால் சொல்லாவிட்டாலும் அந்தக் காகிதம் மருத்துவரிடம் சொல்லிவிடும்.

எந்த வரிசையில் அவிழ்ப்பது? என் கருத்தில் குடி முதலில், கூடவே காபியின் நேரம்; தூக்க அட்டவணை அதன் பின்னால்; சிகரெட் கடைசியில். குடி நீங்காமல் எந்தத் தூக்க முறையும் நிற்காது. நாலையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்குபவர் புதன்கிழமைக்குள் நாலையும் விட்டுவிடுவதே அதிகம்.

குடியை நிறுத்த மருத்துவர் என்ன செய்வார் என்று தெரிந்தால் பயம் குறையும். எவ்வளவு, எத்தனை வருடம், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்று கேட்பார். லேசான நிலை என்றால் வீட்டிலிருந்தே, மனைவியின் பார்வையில், டயஸெபாம் அல்லது குளோர்டயஸெபாக்சைடு வகை மாத்திரையை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்து பொதுவாக ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1. இதை வெறும் சத்து மாத்திரை என்று விட்டுவிடாதீர்கள். தினமும் குடிப்பவருக்கு இது குறைந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். முன்பு வலிப்பு வந்திருந்தால், குழப்பம் இருந்தால், வீட்டில் துணை இல்லாவிட்டால், சில நாட்கள் மருத்துவமனையில் சேர்ப்பார். அதன்பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு.

இதைப் படிக்கும் மனைவிமாருக்கும் அம்மாக்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். "அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், குடியை மறப்பார்" என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் வாங்காதீர்கள். அவற்றில் டைசல்ஃபிராம் என்ற மருந்து இருந்தால், தெரியாமல் அவர் குடிக்கும்போது முகம் சிவந்து, அழுத்தம் சரிந்து, இதயம் தடுமாறி உயிர் போகலாம். மருத்துவர் அதைக் கொடுப்பது உண்டு. ஆனால் குடிப்பவரின் முழுச் சம்மதத்தோடு, விளைவை விளக்கிச் சொல்லி, கண்காணிப்பில் மட்டும்.

நண்பர் தந்த அல்பிரசோலத்தை இனித் தொடாதீர்கள். அதுவும் சாராயமும் மூளையின் ஒரே பூட்டைத் திறக்கும் இரண்டு சாவிகள். சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மெலிந்துபோகும். நாலைந்து வாரம் தினமும் எடுத்தால் அதற்கே தனி அடிமைத்தனம் வந்துவிடும், பிறகு அதையும் படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். கஞ்சா புகைத்தால் தூக்கம் நன்றாக வரும் என்று பி.ஜி. விடுதிகளில் ஒரு பேச்சு உண்டு. அதுவும் கனவுத் தூக்கத்தை அமுக்குவதுதான். விட்டதும் வாரக்கணக்கில் பயங்கரக் கனவுகள் வரும்.

தூக்க அட்டவணையில் உங்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. பெங்களூரில் வருடம் முழுக்கச் சூரியன் ஏறக்குறைய 5.50-க்கும் 6.45-க்கும் இடையில்தான் உதிக்கிறது. 4.15-க்கு வீட்டில் இருப்பவர் எந்த மாதத்திலும் விடியுமுன் படுத்துவிடலாம். ஆறு மணி, ஏழு மணிக்கு ஷிப்ட் முடிபவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அவர்கள் கேபில் ஏறும்போதே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும். உங்கள் திட்டம் இப்படி இருக்கட்டும். பெரிய சாப்பாடு இரவு 9 மணிக்கு. 1 மணிக்குத் தயிர்சாதம் அல்லது இரண்டு இட்லி. அந்நேரப் பிரியாணி நெஞ்செரிச்சலாக 6 மணிக்கு வந்து எழுப்பும். காபி ஷிப்ட் தொடக்கத்தில் ஒன்று, 9-க்கு ஒன்று, கடைசி 11-க்குள். அளவைத் திடீரென வெட்டினால் இரண்டு மூன்று நாள் தலை வலிக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு கப்பைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1 மணி இடைவேளையில் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம், அதற்குமேல் போனால் எழும்போது மந்தமாகும். ஷிப்டின் முதல் பாதியில் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். 2 மணிக்குமேல் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள்.

வீட்டில் அறைதான் மருந்து. கையை நீட்டினால் விரல் தெரியாத அளவுக்கு இருட்டு வேண்டும். தடித்த திரைச்சீலை, அதன் ஓரங்களில் வெல்க்ரோ, கண்ணாடியில் அலுமினியத் தாள், அல்லது குறைந்தபட்சம் கண்பட்டை. காலை ஏழிலிருந்து குப்பை ஆட்டோ, பிரஷர் குக்கர், பக்கத்துச் சைட்டில் டைல்ஸ் வெட்டும் மெஷின் என்று பெங்களூர் சும்மா இருக்காது. காது அடைப்பானும் ஒரே சீராக இரையும் பெரிய ஃபேனும் சேர்ந்தால் பெரும்பாலானதைத் தாங்கலாம். போனைச் சைலன்டில் போட்டு மனைவியின் எண்ணுக்கு மட்டும் விலக்கு கொடுங்கள். பார்சல்காரர் எண்ணாகப் பகலில் மனைவியின் எண்ணையோ செக்யூரிட்டியையோ எழுதிவிடுங்கள். குழந்தைக்கு "அப்பா 12 மணிக்குத்தான்" என்று கடிகாரத்தில் முள்ளைக் காட்டிப் பழக்கினால், மூன்று வயதில் அது ஓரளவுக்குப் பிடிபடும்.

குடி நின்று இரண்டு வாரம் ஆனபின், மருத்துவர் சரி என்றால், படுக்கும் நேரத்தைச் சுருக்கும் முறையைத் தொடங்கலாம். தூக்க நிபுணர்கள் மாத்திரைக்கு முன்பு பரிந்துரைப்பது இதுதான். இரண்டு வாரம் நோட்டில் எழுதுங்கள்: படுத்த நேரம், மொத்தம் தூங்கிய நேரம், எழுந்த நேரம். சராசரியாக ஐந்தரை மணி நேரம் தூங்கினால், படுக்கையில் இருக்கும் நேரமும் ஐந்தரை மணிதான்: 5.00 முதல் 10.30 வரை. தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், சொக்கும்போது திரும்புங்கள். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மதியத் தூக்கம் இந்த வாரங்களில் கூடாது. படுக்கையில் இருந்த நேரத்தில் 85 சதவீதத்துக்குமேல் தூங்கிய வாரம் வந்தால், எழும் நேரத்தைக் கால் மணி தள்ளுங்கள். அடுத்த வாரம் இன்னொரு கால் மணி. ஏழு மணி நேரத்தை நோக்கி இப்படியே நகரவேண்டும். முதல் பத்து நாள் பகலில் சோர்வு அதிகமாக இருக்கும், அந்நாட்களில் பைக்கைத் தொடவேண்டாம். ஐந்தரைக்குக் கீழே ஒருபோதும் குறைக்காதீர்கள். வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், மனம் ஒரேயடியாக உச்சிக்கும் பள்ளத்துக்கும் போகும் இருமுனை நோய் உள்ளவர்களுக்கும் இந்த முறை ஆகாது.

வார விடுமுறையில் ஊர்ப்பழக்கத்துக்கு முழுதாக மாறினால் திங்கட்கிழமை எல்லாம் முதலிலிருந்து ஆரம்பம். சனி, ஞாயிறில் 3 முதல் 10 வரை தூங்குங்கள். 5 முதல் 10 வரை என்ற ஐந்து மணி நேரம் ஏழு நாளும் பொதுவாக நிற்கும்; கடிகாரத்துக்கு அது ஒரு நங்கூரம். ஓசூருக்கோ சேலத்துக்கோ ஊருக்குப் போக வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு கார் எடுப்பதை நிறுத்துங்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவர் அளவுக்கு இறங்குவதை 1997-ல் ஆஸ்திரேலியாவில் அளந்திருக்கிறார்கள். பஸ்ஸில் போங்கள்.

வேலை அழுத்தத்துக்கு இரண்டே காரியம் சொல்கிறேன், இரண்டும் நேரம் குறைவாகக் கேட்பவை. ஷிப்ட் முடிவதற்குக் கால் மணி முன் ஒரு தாளில் மிச்சமிருக்கும் பிரச்சினைகளையும், ஒவ்வொன்றுக்கும் நாளை எடுக்கும் முதல் படியையும் எழுதி ஆபீஸிலேயே வைத்துவிட்டு வாருங்கள். வீட்டில் படுக்கும் முன் பத்து நிமிடம், நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு மெதுவாகும். மாலை கிளம்பும் முன் அரை மணி வெயிலில் நடந்தால் கடிகாரத்துக்கும் நல்லது.

சிகரெட்டை விடும் வேலையை நாலு வாரம் கழித்து எடுக்கலாம். அதுவரை படுக்கும் முன் ஒரு மணி நேரமும், தூக்கத்தின் நடுவில் விழித்தாலும் பற்றவைக்காமல் இருந்தால் போதும். விடும்போது 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதைச் சாதாரணச் சூயிங்கம் போல மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிஞ்சும். காரம் தெரியும்வரை மென்று, கன்னத்தில் ஒதுக்கி, காரம் போனதும் மறுபடி மெல்லவேண்டும். ஒரு கம் அரை மணி வரை வரும். கால் மணிக்கு முன்னும் மெல்லும்போதும் காபி, ஜூஸ் கூடாது, புளிப்புத் தன்மை நிக்கோட்டினை வாய்த்தோல் வழியே ஏறவிடாது. முதல் மூன்று நாள் கடினம். இரண்டு முதல் நாலு வாரத்தில் பெரும்பாலும் அடங்கும். 1800 112 356 புகையிலை விடுவதற்கான இலவச எண்.

பெங்களூரில் எங்கே போவது என்றும் கேட்டிருந்தீர்கள். ஓசூர் ரோட்டில் டெய்ரி சர்க்கிள் பக்கம் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ். எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து நேர் வழி. அங்கே போதைப் பழக்கத்துக்கென்றே தனி மையம் இருக்கிறது. காலையில் பதிவு, கூட்டம் இருக்கும். வார நடுவில் ஒரு லீவு போட்டு, மனைவியோடு, முந்தைய ரிப்போர்ட்டுகளுடன் போங்கள். அவ்வளவு தூரம் போகத் தயக்கம் என்றால் பக்கத்திலேயே ஏதேனும் மனநல மருத்துவரிடம் தொடங்கலாம். 14416, அதாவது அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸ் எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். நிம்ஹான்ஸ்தான் அதன் தலைமை மையம். போதைப் பழக்கத்துக்கு 14446 என்ற தேசிய எண்ணும் உண்டு. வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் முன்பதிவுக்கெல்லாம் காத்திருக்காமல் 14416-ஐ உடனே அழையுங்கள். அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் நேராகப் போகலாம். குடியால் வரும் மனச்சோர்வு விட்ட மூன்று நாலு வாரத்தில் பெரும்பாலும் விலகும். அதன்பிறகும் இருந்தால் அது தனி நோய், தனிச் சிகிச்சை வேண்டும்.

மருத்துவரிடம் அளவைக் குறைத்துச் சொல்லாதீர்கள். நீங்கள் "வாரத்துக்கு ரெண்டு நாள்" என்றால் வலிப்பைத் தடுக்கும் மருந்தை அவர் அதற்கேற்ற அளவில்தான் எழுதுவார்.

நிறுத்திய முதல் இரண்டு மூன்று வாரம் தூக்கம் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். பயங்கரக் கனவுகள் வரும், மூன்று முறை விழிப்பீர்கள். அமுக்கி வைத்த கனவுத் தூக்கம் பொங்கி வருவதன் அடையாளம் அது. "குடிக்காமல் எனக்குத் தூக்கமே வராது" என்ற முடிவுக்குப் பலர் வந்து திரும்பவும் கடைக்குப் போவது இந்த வாரங்களில்தான். முழுதாகச் சீராக மாதங்கள்கூட ஆகலாம், ஆனால் ஒரு மாதத்திலேயே 9 மணி வியர்வை பெரும்பாலும் நின்றுவிடும். அதற்குப் பிறகும் எழும்போது தலைவலி, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூக்கம், குறட்டை நடுவே மூச்சு நின்று திணறுவதாக மனைவி சொல்வது இவை தொடர்ந்தால் தூக்கத்தில் மூச்சுத் தடை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். கழுத்துச் சுற்றளவு 40 சென்டிமீட்டருக்குமேல், ரத்த அழுத்தமும் இறங்கவில்லை என்றால் சந்தேகம் இன்னும் வலுக்கும். ஒரு தூக்கப் பரிசோதனை போதும். வீட்டில் படுத்தபடியே செய்யும் கருவிகளும் வந்துவிட்டன. அதற்குமுன் ஒரு காரியம்: இன்றைக்கே மனைவியிடம் சொல்லி, நீங்கள் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் ஒலியைப் பதிவுசெய்து வைக்கச் சொல்லுங்கள். மருத்துவரிடம் முதல் நாளே அதைப் போட்டுக் காட்டலாம்.